ரவுண்டானாவில் தனகோட்டி

"படத்துல இருக்கறது நீங்கதானே?" என்று கேட்டார் நகரிய நிர்வாகத்தின் ஆய்வாளர் கருணாகரன்.

தனகோட்டி கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். கருணாகரனுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு பிளக்ஸ் பேனரை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பேனரில் தனகோட்டி சிரித்துக்கொண்டிருந்தார். நேரில் இருப்பவரைவிடப் பேனரில் இருந்தவர் வயதில் குறைவாகவும் அகலத்தில் இரண்டு மடங்காகவும் தெரிந்தார். தலைக்கு மேலே 'பணி நிறைவு பெறும் எங்கள் சுரங்கச் சிங்கமே!' என்று எழுதியிருந்தது. கீழே, 'இவண், முதல் ஷிப்ட் தோழர்கள்'.

"நான்தாங்க. அதுக்கென்னா இப்ப?"

"அனுமதி இல்லாம ரவுண்டானால வச்சிருந்தீங்க. வழி காட்டற போர்டையே மறைச்சிருச்சு. ஸ்கூலுக்குத் திரும்ப வேண்டிய வேன் ஒண்ணு நேரா மார்க்கெட்டுக்குப் போயிருக்குது. அபராதம் போட்டிருக்கேன் சார். சின்னத் தொகைதான். கட்டிட்டு ரசீது வாங்கிக்குங்க."

"நான் வைக்கலயே."

"உங்க மூஞ்சிதானே இருக்குது?"

"மூஞ்சி என்னுது. பேனரு என்னுது இல்ல."

கருணாகரன் ஆடு, மாடு, தெருநாய், சாக்கடை என்று நகரியத்தில் எத்தனையோ வழக்குகளைப் பார்த்தவர். மூஞ்சியையும் பேனரையும் பிரித்துப் பேசிய ஆளை அன்றுதான் பார்த்தார்.

"சார், கட்டிட்டா இதோட முடிஞ்சிரும். இல்லன்னா கோர்ட்டுக்குப் போகும்."

"போவட்டுங்க. கட்டினா நான்தான் வச்சேன்னு ஆயிடும். பத்து பைசா கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் தனகோட்டி. சாத்திய வேகத்தில் மனைவி காந்திமதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

தனகோட்டியின் வீம்புக்குக் காரணம் இருந்தது. நெய்வேலியில் சுரங்க வேலையிலிருந்து ஒருவர் ஓய்வு பெற்றால், கடைசி ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, மேளம் வைத்து, குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். அவர் குடியிருக்கும் பிளாக் முனையில் ஒரு பேனர் நிற்கும். பேனரைக் கூட வேலை பார்த்தவர்கள்தான் வைக்க வேண்டும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் சட்டத்தைவிடக் கறாரானது. தனக்குத் தானே பேனர் வைத்துக்கொண்டார் என்று ஒருவர் பெயரெடுத்தால், அவர் பேத்தி கல்யாணப் பந்தியில்கூட அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதிலும் இந்த வருடம் கெடுபிடி அதிகம். அனுமதி இல்லாமல் பேனர் வைத்தால் வழக்கு என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்திருந்தார்கள். அதனால் தனகோட்டிக்கு முன்னால் ஓய்வு பெற்ற யாருக்கும் பேனர் நிற்கவில்லை. தனகோட்டிக்கு மட்டும் நின்றது. மேளத்தோடு ரவுண்டானாவைத் தாண்டியபோது மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. இத்தனை கெடுபிடியிலும் துணிந்து வைத்திருக்கிறார்கள் என்றால் மனிதருக்கு எவ்வளவு மதிப்பு என்று எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர்கள் பேசிக்கொண்டது காந்திமதியின் காதிலேயே விழுந்தது.

"ஏங்க, வச்சவன் எவனோ அவன கட்டச் சொல்லுங்களேன். செல்வகுமார கேளுங்க. சுதாகர் அண்ணன கேளுங்க" என்றார் காந்திமதி.

"அதெல்லாம் கேக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"ஆசையா வச்சவனாண்ட போயி, வச்சதுக்கு தண்டம் கட்டுடான்னு கேக்கச் சொல்றியா? மனுசன் செய்யற வேலயா அது?"

காந்திமதிக்குக் கணவர்மேல் மரியாதை கூடிவிட்டது. கூடியதோடு நின்றிருந்தால் நல்லது. அவர் மறுநாள் காலையிலேயே தானே விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

கன்வேயர் பெல்ட்டில் தனகோட்டிக்குக் கீழே வேலை கற்றவர் செல்வகுமார். அவரைப் பால் பூத்தில் பிடித்தார் காந்திமதி.

"தம்பி, பேனரு நீங்க வச்சதா?"

"இல்லீங்கண்ணி. நான் சுதாகர் அண்ணன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சுதாகர் தனகோட்டியோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். வயது குறைவு என்பதால் இன்னும் சர்வீஸில் இருந்தார். அவரைக் கோயில் வாசலில் பிடித்தார்.

"நானா? கோர்ட்டு கேசுன்னு அறிவிச்ச பின்னாடி எவம்மா வைப்பான்? செல்வகுமார் பயதான் துணிஞ்சவன். அவனக் கேளு."

இப்படியே முதல் ஷிப்ட் முழுவதையும் கேட்டு முடித்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். காந்திமதி வீட்டுக்கு வந்து பையைக் கீழே போட்டார்.

"ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான். எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க. நீங்க ஒருத்தருதான் ஆம்பள."

தனகோட்டி பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "உன்ன யாரு போயி கேக்கச் சொன்னது?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கத்தினார்.

காந்திமதி விசாரித்த விஷயம் கருணாகரனுக்கும் போய்ச் சேர்ந்தது. முதல் ஷிப்ட் தோழர்கள் யாருமே வைக்கவில்லை என்றால் மிச்சமிருப்பது யார் என்று அவர் நியாயமாகவே யோசித்தார். மறுவாரமே தனகோட்டிக்கு நீதிமன்ற சம்மன் வந்தது.

செல்வகுமார் அன்றைக்கே ஓடி வந்தார். "அண்ணே, அங்க போனதும் ஒத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அஞ்சு நிமிசத்துல முடிச்சி அனுப்பிடுவாங்க. ஹெல்மெட் கேசுல நான் அப்பிடித்தான் வந்தேன்."

"உனக்கு ஹெல்மெட்டு. எனக்கு மானம்" என்றார் தனகோட்டி. "தனகோட்டி தனக்குத் தானே வச்சிக்கினான்னு கோர்ட்டுல எழுதி சீல் வச்சிட்டா, அப்பறம் நான் வெளில தல காட்ட முடியுமா? ஜெயில்ல போடட்டும். நான் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப யாரு வச்சான்னு சொல்லிடுங்க."

"அதயும் சொல்ல மாட்டேன்."

செல்வகுமார் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு மனிதருக்குக் கீழே வேலை பார்த்தோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

விஷயம் சம்மனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த திங்கட்கிழமை தனகோட்டி பேப்பர் வாங்க வெளியே வந்தபோது, இலைச்சருகு ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருவில் வந்தது. சருகு பறக்காமலிருக்க டிரெய்லரின் மேல் ஒரு பிளக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிடுங்கிய பேனர்களை நகரியத்தில் இப்படித்தான் பயன்படுத்துவது வழக்கம். பிளக்ஸ் காலை வெயிலில் பளபளத்தது. அதில் மல்லாந்து படுத்தபடி சிரித்துக்கொண்டு போனவர், சுரங்கச் சிங்கம் தனகோட்டி.

சிங்கத்தின் மீசையில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது. எதிர்க் குவார்ட்டர்ஸ்காரர் கைகூப்பி, "என்னா சார், பிளாக் பிளாக்கா ஊர்வலமா?" என்றார்.

தனகோட்டிக்கு ரத்தம் தலைக்கேறியது. டிராக்டரின் குறுக்கே போய் நின்றார்.

"நிறுத்துய்யா வண்டிய!"

ஓட்டுநர் நல்லசாமி பிரேக் போட்டார். "என்னாங்க?"

"யார் மேல குப்பயக் கொட்டி வச்சிருக்க? எறக்கு அத!"

"மேல கொட்டலீங்க. கீழதான் குப்ப இருக்குது. நீங்க மேலதான் இருக்கீங்க" என்றார் நல்லசாமி, விளக்கமாக.

தனகோட்டி டிரெய்லரில் தொற்றி ஏறினார். சருகுக் குவியலின் ஓரத்தில் துடைப்பத்தோடு செல்லக்கிளி உட்கார்ந்திருந்தார். பூங்கா பராமரிப்பில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். ரவுண்டானாவில் செடி வெட்டுவது, தண்ணீர் விடுவது, கூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவரைப் பார்த்ததும் தனகோட்டியின் கை ஒரு நொடி நின்றது.

"வேணாண்ணே. இத்தோட உட்டுடுங்க" என்றார் செல்லக்கிளி.

"உட மாட்டேன்" என்று சொல்லி ஒரு இழு இழுத்தார் தனகோட்டி. கட்டியிருந்த கயிறு அறுந்தது. பேனர் கையோடு வந்தது. கூடவே வேம்பு, புங்கன், சரக்கொன்றை என்று நகரியத்து மரங்களின் ஒரு வாரச் சருகும் காற்றில் எழும்பி, தெரு முழுக்கப் பரவி, எதிர்க் குவார்ட்டர்ஸ்காரரின் காபி டம்ளருக்குள்ளும் இறங்கியது.

மாலையில் கருணாகரன் மறுபடியும் வாசலில் நின்றார். முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"கைப்பற்றின பொருள எடுத்தது ஒண்ணு. பணியாளர வேலை செய்ய விடாம தடுத்தது ஒண்ணு. தெருவுல குப்பை கொட்டினது ஒண்ணு. இதெல்லாம் சேர்த்துக்கறேன் சார். நல்லசாமியும் செல்லக்கிளியும் சாட்சி. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போயிடல. அந்தப் பேனர் அபராதத்த மட்டும் கட்டிடுங்க, மத்தத நான் பார்த்துக்கறேன்."

"கட்ட மாட்டேங்க."

"சார், எதுக்கு சார் இந்தப் பிடிவாதம்?"

"நான் வைக்கலங்க!"

கருணாகரன் பெருமூச்சு விட்டு, நின்றபடியே எழுத ஆரம்பித்தார்.

விஷயம் சுரங்கத்துக்குள் பரவியது. கேன்டீனில் அதுதான் பேச்சு. தனகோட்டிக்கு யார் வைத்தது என்று தெரியும், ஆனால் உயிரே போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று செல்வகுமார் தட்டைத் தட்டிச் சொன்னார். இரண்டாவது ஷிப்ட்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், "எங்க ஷிப்ட்ல இப்பிடி ஒரு ஆளு இல்லயே" என்று வாய்விட்டே சொன்னார். பேனரில் இருந்தபோது இல்லாத புகழ் தனகோட்டிக்கு வழக்கில் வந்தது. அதைக் கேட்கக் கேட்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காந்திமதி அதற்கும் சேர்த்துக் கண்ணீர் விட்டார்.

விசாரணை நாளில் நீதிமன்ற வளாகத்துக்கு முதல் ஷிப்டில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பின் வரிசையில் செல்லக்கிளியும் நல்லசாமியும் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தார்கள். நடுவர் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுப் பெண்மணி. குடிபோதையில் சத்தம் போட்டவர், விளக்கில்லாமல் வண்டி ஓட்டியவர் என்று ஒவ்வொருவராக வந்து, ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற வேகத்தில் வேலை நடந்தது. தனகோட்டியின் பெயர் வந்ததும் வேகம் நின்றது.

"அனுமதியின்றிப் பொது இடத்தில் பேனர் வைத்தீர்கள் என்று குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்க மாட்டேங்கம்மா."

நடுவர் நிமிர்ந்து பார்த்தார். "பேனரில் இருப்பது நீங்கள்தானே?"

"நான்தாங்கம்மா. நான் வைக்கல."

"அப்படியென்றால் வைத்தது யார்? பெயரைச் சொல்லுங்கள், உங்களை விட்டுவிடலாம்."

தனகோட்டி கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். மொத்த ஷிப்டும் அவர் வாயைப் பார்த்தது.

"சொல்ல முடியாதுங்கம்மா. என்னா தண்டன வேணும்னாலும் எனக்கே குடுங்க."

அதற்கு மேல் செல்வகுமாரால் உட்கார முடியவில்லை. விருட்டென்று எழுந்தார்.

"அம்மா! அவர உட்டுடுங்க. பேனர் வச்சது நான்தாங்க!"

தனகோட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், நீ எங்கடா வச்ச? உக்கார்றா!"

"பாருங்கம்மா, இப்பகூட என்னக் காப்பாத்தப் பாக்கறாரு!"

"பொய் சொல்றான்மா அவன்" என்று சுதாகர் எழுந்தார். "வச்சது நான். கூடப் பொறக்காத பொறப்புக்கு நான் வைக்காம இவனா வைப்பான்?"

"நீங்க கேசுன்னு பயந்து நடுங்கனீங்க. நீங்க எங்கண்ணே வச்சீங்க?"

"யார்றா நடுங்கனது?"

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள். இரண்டாவது ஷிப்ட்காரர் ஒருவரும் அவசரத்தில் எழுந்துவிட்டு, பக்கத்திலிருந்தவர் இழுத்ததில் உட்கார்ந்தார்.

"ஒரு பேனரை எத்தனை பேர் வைத்தீர்கள்?" என்று நடுவர் மேசையைத் தட்டினார்.

"அகலமான பேனருங்கம்மா" என்றார் செல்வகுமார்.

"எதால் கட்டினீர்கள்?"

"கம்பிங்க" என்றார் செல்வகுமார்.

"சணல்" என்றார் சுதாகர்.

"ஆணி அடிச்சோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இரும்புக் கம்பத்துல எப்பிட்றா ஆணி அடிப்பீங்க? நைலான் கயிறு!" என்று கூண்டுக்குள்ளிருந்து தனகோட்டி கத்தினார். காலமெல்லாம் கன்வேயர் பெல்ட்டில் தப்பைத் தப்பென்று சொல்லிப் பழகிய வாய்.

நடுவர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... டிராக்டர்ல பிடுங்கறப்ப பழைய கயிறு தொங்கிக்கினு இருந்துச்சுங்கம்மா" என்றார் தனகோட்டி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. பிறகு குரல் இறங்கியது. "அம்மா, ஒரு நிமிசம் நான் சொல்றத கேளுங்க. இவங்க யாரும் வைக்கலங்க. இவங்கள உட்டுடுங்க. நான்..."

"போதும்" என்றார் நடுவர். "நண்பர்களைக் காப்பாற்ற நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள் என்று நீதிமன்றத்துக்குப் புரிந்துவிட்டது. உட்காருங்கள்."

"இல்லங்கம்மா, நெசமாவே..."

"உட்காருங்கள் என்றேன்."

கருணாகரன் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து, எழுந்து நின்ற ஒவ்வொருவர் பெயரிலும் மகிழ்ச்சியாக ஒரு வழக்கு எழுதிக் கொடுத்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஓர் அபராதம். அதோடு நீதிமன்றம் கலையும் வரை சிறை. அதாவது, அன்றைய வேலை முடிந்து நடுவர் எழுந்து போகும் வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தனகோட்டி பேனர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். டிராக்டர் விஷயத்தில், மனவேதனையில் செய்தது என்று கண்டித்து அனுப்பினார்கள்.

"நீங்க போகலாம்" என்றார் நீதிமன்ற உதவியாளர்.

"போவ மாட்டேன். அவங்களோட நானும் உக்காருவேன்."

"அது தண்டன வாங்கினவங்க பெஞ்சு சார். விடுதலை ஆனவங்க உக்காரக் கூடாது."

"அப்ப எனக்கும் தண்டன குடுக்கச் சொல்லு!"

உதவியாளர் அவரை மெதுவாகத் தள்ளிக்கொண்டுபோய் வராந்தாவில் விட்டார். தனகோட்டி சாயங்காலம் வரை அங்கிருந்து நகரவில்லை. காந்திமதி கொண்டுவந்த புளிசாதத்தைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபடியே நின்றார். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த தோழர்கள் அவரைப் பார்த்துக் கையாட்டினார்கள்.

நீதிமன்றம் கலைந்ததும் செல்வகுமார்தான் முதலில் வெளியே வந்தார். தனகோட்டியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"அண்ணே, சத்தியமா நான் வைக்கலண்ணே. மேளத்தோட வந்தப்ப அந்தப் பேனரப் பாத்ததும் வெக்கமாப் போச்சு. உங்களாண்ட தொழில் கத்துக்கினவன், எனக்குத் தோணலயே, வேற எவனோ வச்சிட்டானேன்னு. அதான் இன்னிக்கு எழுந்திரிச்சிட்டேன்."

சுதாகர் வந்தார். அவரும் ஓரமாக அழைத்துப் போனார். அவரும் அதையே சொன்னார். "கேசுக்கு பயந்துட்டன்யா தனகோட்டி. என்ன மன்னிச்சிடு. வச்ச மகராசன் எவனோ, அவன் நல்லா இருக்கணும்." அவருக்கும் கண்ணில் நீர். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் காதோடு காதாக அதையே சொன்னார்கள்.

இத்தனை பேர் தனக்காக எழுந்து நின்றதை நினைக்கத் தனகோட்டிக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமலும் இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ மார்க்கெட்டிலிருந்து மாலை வாங்கி வந்துவிட்டார்கள். கழுத்தில் போட்டார்கள். காந்திமதி எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூட்டம் வண்டிகளை எடுக்க நகர்ந்தது.

வராந்தாவில் மாலையும் கழுத்துமாகத் தனகோட்டி மட்டும் நின்றார். சாட்சிக்கு வந்து கூப்பிடப்படாமலே போன செல்லக்கிளி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்து படியிறங்கினார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"அண்ணே, அன்னிக்கு விடியகாலைல ஏணியப் புடிச்சிக்கினு நின்னது நான்தான்னு நானும் எழுந்திரிக்கலாம்னுதான் பாத்தேன். அப்பறம், ஏணி மேல நின்னது யாருன்னு அந்தம்மா கேட்டா என்னா சொல்றதுன்னு உக்காந்துட்டேன்."